தாத்தாவோட பட்டாளத்து மெடல்... விளிம்பைப் படிச்சீங்களா?

பரண் சுத்தம் செய்யும்போது, டிரங்குப் பெட்டியின் அடியில் கறுத்துப்போன மெடல் ஒன்று கிடைக்கிறது. 'இது வெள்ளியா?' என்பதுதான் நாம் கேட்கும் முதல் கேள்வி. மெடல் சேகரிப்பவர்களோ முதலில் அதன் விளிம்பைத்தான் பார்ப்பார்கள்.

வீரதீர விருதுகள் சிலருக்குத்தான். போர்முனைக்குப் போய்வந்த சாதாரண சிப்பாய்க்குக் கிடைத்தது சேவை மெடல். முதல் உலகப்போருக்காக பிரிட்டன் கொடுத்த 'பிரிட்டிஷ் வார் மெடல்' வெள்ளியில் மட்டுமே சுமார் 65 லட்சம் அச்சிடப்பட்டது. குறுக்களவு 36 மி.மீ. தொழிலாளர் படையினரில் ஒரு பகுதியினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். அதனால் இன்று வெண்கலம்தான் அரிது!

லட்சக்கணக்கில் ஒரே அச்சு. ஆனாலும் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. காரணம், விளிம்பில் பொறித்திருக்கும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. '1914-15 ஸ்டார்' என்றால் இந்த விவரம் பின்பக்கம் இருக்கும். அதில் 63-ம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று இருந்தால், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சண்டையிட்ட படையைச் சேர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களில் பிரிட்டன் தன் வீரர்களின் பெயரைப் பொறிக்கவில்லை. இந்திய ராணுவத்தினருக்குப் பொறித்தார்கள்.

சேகரிக்க ஆசையா? இதையெல்லாம் கவனிங்க...

* பாலிஷ் போடாதீங்க: புளி, விபூதி, பிராஸோ எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும். மென்மையான துணியால் தூசியை மட்டும் துடைத்தால் போதும்.

* செட்டைப் பிரிக்காதீங்க: ஒரே சிப்பாயின் மெடல்கள் சேர்ந்திருந்தால்தான் அவர் எங்கெல்லாம் போனார் என்பது புரியும். பழைய ரிப்பன், டிஸ்சார்ஜ் பேப்பர், போட்டோ இருந்தால் கூடவே வையுங்கள்.

* போலியைக் கவனிங்க: பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் பொறிப்பதும் உண்டு. விளிம்பு ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, குறுக்களவு குறைந்திருந்தாலோ உஷார்!

* ஈரம் படாமல் வைங்க: பி.வி.சி கவர் நாளடைவில் உலோகத்தை அரிக்கும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

* வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க: நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். விசாரிக்காமல் பார்சல் கட்ட வேண்டாம்.

1980-ல் வெள்ளி விலை எகிறியபோது, ஏராளமான பிரிட்டிஷ் வார் மெடல்கள் உருக்கப்பட்டன. இப்போதும் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அந்த ஆபத்து இருக்கிறது. ஒரு மெடலில் சுமார் ஓர் அவுன்ஸ் வெள்ளிதான் தேறும். ஆனால், கல்வெட்டிலோ புத்தகத்திலோ பெயர் வராத ஒரு சிப்பாய்க்கு, 'நான் அங்கே இருந்தேன்' என்று சொல்ல அந்த விளிம்பு மட்டும்தான் மிச்சம் இருக்கக்கூடும். நகைக்கடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னால், ஒரு லென்ஸை எடுத்து அந்தப் பெயரை ஒருமுறை வாசிச்சுப் பாருங்க!