ஆரல்வாய்மொழிக் காற்றும் மின்வாரியக் கணக்கும்

தமிழ்நாட்டின் காற்றாலைக் கொள்கை மின்தட்டுப்பாட்டுக்கு வழி தேடிப் பிறந்தது. பருவநிலை மாற்றம் என்ற காரணம் அரசு ஏடுகளில் ஏறியது வெகு காலம் கழித்துத்தான். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. அதை மின்சாரமாக்க முடியுமா என்று பார்க்க, 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் திறனுள்ள சிறு காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1993 வரை அரசு நிறுவிய மாதிரிக் காற்றாலைகளின் மொத்தத் திறன் சுமார் 19 மெகாவாட். அளவில் சொற்பம்தான். ஆனால் எந்த ஊரில் எவ்வளவு காற்று அடிக்கும் என்ற கணக்கு அதனால் கையில் கிடைத்தது.

பணம் போட்டவர்கள் தனியார். கோவை, திருப்பூர்ப் பகுதி நூற்பாலைகளுக்கு மின்வெட்டும் மின்கட்டணமும் ஒருசேரத் தலைவலியாக இருந்தன. காற்றாலைக்குச் செலவிட்ட முழுத் தொகையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு இடம் கொடுத்தது. 1990களின் நடுவில் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் காற்றாடிகள் வரிசைகட்டி எழுந்ததற்கு இந்த வரிச்சலுகை பெருங்காரணம். லாபம் ஈட்டும் நிறுவனம் சலுகைகள் போகவும் ஓரளவு வரி கட்டியே ஆக வேண்டும் என்னும் குறைந்தபட்ச மாற்று வரி 1996இல் வந்ததும் அந்த வேகம் சட்டென்று தணிந்தது.

மாநிலத்தின் பங்கு வேறு வகையானது. முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியம் தன் கம்பிகளில் ஏற்றி, கோவையிலுள்ள ஆலையின் கணக்கில் கழித்துக் கொடுத்தது. இதற்கு வீலிங் என்று பெயர். காற்று காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களின் பில்லில் கழித்துக்கொள்ளவும் விட்டது. இது பேங்கிங். ஏப்ரலில் தொடங்கும் கணக்கு மார்ச் 31 அன்று முடியும். அதற்குப் பிறகும் எஞ்சியதை வாரியம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆடிக்காற்றில் ஓடிய காற்றாடி தை மாதத்து மின்கட்டணத்தைக் குறைத்தது. மானியம் என்ற பெயர் இல்லாத மானியம் இது என்றே சொல்ல வேண்டும். அதன் சுமை வாரியத்தின் தலையில் விழுந்தது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஒரு பங்கைக் கட்டாயம் வாங்கவைக்கும் பொறுப்பை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களிடம் ஒப்படைத்தது. காற்றாலைகள் பெருகிய வேகத்துக்கு மின்தடங்கள் பெருகவில்லை. 2008க்குப் பிறகு மாநிலமே மின்வெட்டில் தவித்தபோதும், காற்று உச்சத்தில் இருந்த நாட்களில் கம்பிகள் தாங்காமல் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.  

வாரியத்தின் நட்டம் ஏற ஏற, பேங்கிங் மீதும் கை வைக்கப்பட்டது. 2018 ஏப்ரலுக்குப் பின் நிறுவப்படும் காற்றாலைகளுக்கு ஆண்டுக் கணக்கிலான பேங்கிங் நிறுத்தப்பட்டது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தும், நெடுங்காலம் வகித்த முதலிடம் குஜராத்துக்குப் போயிற்று.

காற்று மிகுந்த இடங்கள் பலவற்றை இன்றும் 1990களின் சிறிய இயந்திரங்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் பெரியவற்றை நிறுவ 2024இல் தனிக் கொள்கை ஒன்று வெளியானது. அதை எதிர்த்துக் காற்றாலை உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுடைய குறைகளில் பேங்கிங்கும் ஒன்று.