முக்காலமும் அறிந்த சுக்கான்

மாணவர் ரோபோ போட்டிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. வெள்ளைத் தளத்தில் கருங்கோட்டைத் தொடரவேண்டிய ரோபோ, இருபுறமும் பாம்பாய் நெளிந்து, வளைவில் தடம் விலகிவிடும். உடனே குழுவினர் நிரலிலுள்ள மூன்று எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பர். அவை 'பி.ஐ.டி.' என்னும் கட்டுப்பாட்டு முறைக்குரிய எண்கள். அம்முறையின் வரலாற்றை அறிந்தவர்க்கு இந்தக் குருட்டுத் தேடல் பெரிதும் குறையும்.

அதன் கோட்பாடு கடலில் உருவானது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானே திசைதிருப்பும் கருவிக்கான கணித ஆய்வை 1922-இல் வெளியிட்டார். அவருக்கு முன்மாதிரி, சுக்கான் பிடிக்கும் மாலுமி. அம்மாலுமி கப்பலின் இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை சேர்ந்த விலகலையும், அது மாறும் வேகத்தையும் கணக்கில் கொள்கிறார். மொழியியல் பயின்ற எனக்கு இதில் முக்காலமும் தெரிகிறது: விகித உறுப்பு நிகழ்காலம், தொகையீட்டு உறுப்பு இறந்தகாலம், வகையீட்டு உறுப்பு எதிர்காலம்.

'நியூ மெக்சிகோ' போர்க்கப்பலில் நடந்த சோதனையில், முதலிரண்டு உறுப்புகள் மட்டும் இருந்தபோது விலகல் ±2 பாகை. மூன்றாவது சேர்ந்ததும் ±1/6 பாகை. ஆயினும் பணியாளர்களின் எதிர்ப்பால் கடற்படை அதனை ஏற்கவில்லை.

1942-இல் ஜான் சீக்லரும் நத்தானியல் நிக்கோல்ஸும் அவ்வெண்களைக் கண்டறியும் விதிகளை வகுத்தனர். விகித எண்ணை உயர்த்திக்கொண்டே சென்று, அமைப்பு சீராக ஊசலாடும் நிலையைக் குறித்து, அதிலிருந்து மூன்றையும் கணக்கிடுவது அவற்றுள் ஒன்று. பாடநூல்கள் இன்றும் அதைக் கற்பிக்கின்றன. ஆனால் அவ்விதிகள் ஆலைகளின் வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஒவ்வோர் ஊசலும் முந்தையதில் கால்பங்காகக் குறைந்தால் போதும் என்பதே அவற்றின் அளவுகோல். ஆலை உலை அந்த ஊசலைப் பொறுக்கும். மெல்லிய கோட்டின்மேல் விரையும் ரோபோ பொறுக்காது.

எனவே, எண்ணைத் தொடுமுன் மினோர்ஸ்கியைப்போல் இயக்கத்தை உற்றுநோக்குவதே முறை. நேர்க்கோட்டிலும் ரோபோ ஒரே பக்கம் ஒதுங்கினால், ஒரு மோட்டார் வலுக்குன்றியிருக்கலாம். காற்று கப்பலை ஒருபுறம் தள்ளுவதற்கு நிகரான இதைத் திருத்துவது தொகையீட்டு உறுப்பு. கோட்டைத் தாண்டித் தாண்டித் திரும்பினால், விகித எண் மிகுந்திருக்கலாம், அல்லது வகையீட்டு எண் போதாமலிருக்கலாம். காலையில் செம்மையாய் ஓடியது மாலையில் தடுமாறினால், முதலில் அளக்க வேண்டியது பேட்டரியின் மின்னழுத்தம்.

நம் போட்டிகளில் பெரும்பாலும் ஓட்ட நேரமே வெற்றியை முடிவு செய்கிறது. நிரலை இணையத்திலிருந்து எடுத்தவரும் பொறியைப் புரிந்துகொண்டவரும் அந்த அளவுகோலில் ஒன்றாகிவிடுகின்றனர். ஒவ்வோர் ஓட்டத்திலும் பிழை எவ்வாறு மாறியது என்னும் பதிவையும் அதற்கான விளக்கத்தையும் கேட்டு, அவற்றுக்கும் மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியர்களையும் நடுவர்களையும் வேண்டுகிறேன்.