ஸ்டாட்டின் இல்லாமல் கொலஸ்ட்ரால் குறைத்தல் (திண்டுக்கல் வட்டாரம்)

ரத்தத்தில் மிகுந்துவிட்ட எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை ஸ்டாட்டின் மாத்திரை எடுக்காமல் உணவாலும் வேறு மருந்துகளாலும் குறைக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும்.

இங்கே பலரும் முதலில் நாடுவது பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இம்மாவட்டத்தின் விளைச்சல். ஆனால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 192 பேரைக் கொண்டு பச்சைப் பூண்டையும் பூண்டு மாத்திரைகளையும் ஆறு மாதம் சோதித்தும் எல்.டி.எல். அசையவில்லை. பூண்டு ரசத்துக்கு மணம் தரும்; அதற்குமேல் அதனிடம் கேட்கக் கூடாது.

திண்டுக்கல் என்றதும் பிரியாணிமேல் பழி போடுவது எளிது. என்றைக்கோ சாப்பிடும் சீரகச் சம்பா பிரியாணியைவிட அன்றாடம் வாணலியில் ஊற்றுவதே கணக்கில் பெரிது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் நிறைகொழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல். கடலை எண்ணெயில் ஏறக்குறைய 20, நல்லெண்ணெயில் 15. எண்ணெயை மாற்றினால் எல்.டி.எல். இறங்கும், செலவு ஏறும். அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்தது கரையும் நார்ச்சத்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதால், கல்லீரல் புதிய பித்தம் சுரக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 5 முதல் 10 கிராம் சேர்ந்தால் எல்.டி.எல். 5 சதவீத அளவில் குறையும். ஈசப்கோல், ஓட்ஸ், பயறு வகைகள் இதற்கு உதவும். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை மட்டும் இறுத்து ரசம் வைத்துவிட்டுக் கொள்ளை மாட்டுத் தொட்டியில் போட்டால் நாரின் பெரும்பங்கு மாட்டுக்குத்தான் போகும். சுண்டலாகத் தின்பதே சரி.

கொட்டைகள், சோயா, கரையும் நார், தாவர ஸ்டெரால் நான்கையும் சேர்த்து டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் சோதித்தது. உணவைத் தயாரித்தே கொடுத்தபோது ஒரு மாதத்தில் எல்.டி.எல். 28 சதவீதம் போலக் குறைந்தது. லோவாஸ்டாட்டின் எனும் ஸ்டாட்டின் மாத்திரைக்குச் சற்றே கீழே. 2011-ல் அதே உணவை ஆலோசனையாக மட்டும் சொல்லி அனுப்பியபோது கிடைத்தது ஏறத்தாழ 13.

‘இயற்கை’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியிலுள்ள மொனகோலின் கே, லோவாஸ்டாட்டினேதான். அதை விழுங்கிவிட்டு ஸ்டாட்டின் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. தைராய்டு குறைவாலும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால் அதை முதலில் சோதித்துவிடுவது நல்லது. மாரடைப்பு கண்டவர்களுக்கும், எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்களுக்கும் சாப்பாடு மட்டும் போதாது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர்கள் எசெடிமைப் தருவதுண்டு. அது 18 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். பெம்பிடோயிக் அமிலமும் ஊசி மருந்துகளும் அடுத்த படி.