கற்பனை ஊர்களின் செலவுக் கணக்கு

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. லார்டு சின்ஹா ரோடு பக்கம் போகும்போதெல்லாம் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைப் பார்ப்பேன். யாரோ பெரிய மனிதர் பெயர் என்று நினைத்து விட்டுவிட்டேன். போன மாதம் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒரு வங்காளிப் பெண், "அந்த ஸ்கூலை ஆரம்பிச்சவங்க எழுதின கதை உங்க மெட்ராஸ்லதான் முதல்ல அச்சாச்சு, தெரியுமா தாதா?" என்று கேட்டார். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் தாதா இல்லை :)) தெரியாது. தேடிப் படித்தேன்.

கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கேயா சகாவத் உசேன். 1905ல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய கதை. பெண்கள் ஆளும் ஒரு நாடு. போலீஸ் இல்லை, திருட்டு இல்லை, ஊரே பூந்தோட்டம். ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. எதிரிப் படை வந்தபோது ஆண்கள் தோற்றுத் திரும்ப, பெண்கள் அந்த வெப்பத்தைப் பாய்ச்சியே படையை விரட்டிவிடுகிறார்கள். ஆபீஸ் வேலை தினம் இரண்டே மணி நேரம்! ஆண்கள் ஏன் நாளெல்லாம் இழுத்தார்களாம்? ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போச்சு. இருபது வருஷமாக வங்கியில் இருப்பவன், நான் எங்கே மறுக்க!

சிரித்துக்கொண்டே படித்தவன், முடித்தபோது சிரிக்கவில்லை. அந்த நாட்டில் ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறார்கள். சமையல், குழந்தை, நாலு சுவர். ஒரு பாவமும் அறியாதவனுக்கும் அதே கதிதான். பி.காம். படித்த புத்தி, எங்கேயாவது கிரெடிட் இருந்தால் டெபிட் எங்கே என்று தேடும். இங்கே டெபிட் பாதி ஜனத்தொகை.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தது தாமஸ் மோர் 1516ல் லத்தீனில் எழுதிய 'உடோப்பியா'. அங்கேயும் ஆறு மணி நேர உழைப்புதான், தங்கத்துக்கு மதிப்பில்லை, கழிவுப் பாத்திரமே தங்கத்தில்தான். ஆனால் அதே தங்கத்தில் சங்கிலியும் செய்து அடிமைகளுக்குப் பூட்டுகிறார்கள். மாடு ஆடு அறுப்பது, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் அழுக்கு வேலை, எல்லாம் அடிமைகள் தலையில். அனுமதிச் சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை வெளியூர் போய் மாட்டினால் நீங்களும் அடிமை. மோர் இதை மறைக்கவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு உறுத்துவது அந்த சாவதானம்தான்.

உர்சுலா லெ குவின் 1973ல் அதையே கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஓமெலாஸ் என்ற ஊரின் சந்தோஷம் முழுக்க, நிலவறையில் அடைத்த ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது. ஊருக்கே தெரியும். பெரும்பாலோர் பழகிக்கொள்கிறார்கள், சிலர் மட்டும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். (அந்தப் பெயர் ஆங்கிலத்தில் 'சேலம், ஓ' என்ற ஊர்ப்பலகையைத் திருப்பிப் படித்ததில் வந்தது. ஓரிகான் மாநிலத்து சேலம். நம்ம மாம்பழ சேலம் இல்லை!)

படித்த ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். எங்கள் கூட்டுக் குடும்பத்தைப் பற்றி நானே எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பதினேழு பேர், ஒரே அடுப்பு, சண்டையே கிடையாது என்று. "அம்மா, பெரியத்தை எப்போ சாப்பிடுவாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம். இருந்தா. ஏம்ப்பா இப்ப கேக்குற?" பத்தொன்பது வயசில் தாலி இழந்து வந்தவர். அவர் வாசல் தாண்டி நான் பார்த்ததாக நினைவே இல்லை.

கதையில் ஆண்களைப் பூட்டியதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்த நியாயம், நாற்பது வருஷமாக எங்கே போயிருந்தது? ரொக்கேயா புதிதாக ஒரு கொடுமையும் கற்பனை செய்யவில்லை. நடந்துகொண்டிருந்த கணக்கில் பெயரை மட்டும் மாற்றி எழுதினார். அவர் கணவருக்கு உடனே புரிந்தது. நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

அவர் 1909ல் இறந்தார். அதே வருஷம் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி தொடங்கி, 1911ல் கொல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்தார் ரொக்கேயா. பிறகு பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ் வந்தது. பெண் பிள்ளைகள் வெளியே தெரியக்கூடாது என்று சுற்றிலும் அடைத்த பஸ். உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் குழந்தைகள் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை போட்டார்கள். காற்றில் திரை பறக்கிறது, பர்தா போச்சு, பத்திரிகையில் எழுதிப் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. 1931ல் வந்த 'அவரோத்பாசினி' புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

1932 டிசம்பரில் சாகும்வரை அந்தப் பள்ளியை நடத்தினார்.