பர்னார்டோ இல்லத்துப் பிள்ளைகள்

திக்கற்ற குழந்தைக்குச் சோறிடுதல் தலையாய அறம் என்பதில் எச்சமயத்தாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், சோறிட்ட கை குழந்தையின் உறவை அறுக்கவும் உரிமை உடையதாமோ? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் சரித்திரம் தரும் விடையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1845ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் பிறந்த தாமஸ் ஜான் பர்னார்டோ, சீன தேசத்தில் கிறிஸ்தவ ஊழியம் புரியும் நோக்கத்துடன் 1866இல் மருத்துவம் கற்க லண்டன் சேர்ந்தார். அவ்வாண்டு அந்நகரின் கீழ்த்திசை வட்டாரத்தை வாந்திபேதி சூறையாடிற்று. ஏழைச் சிறுவர்கள் கூரைகளின் மீதும் சந்துகளிலும் உறங்கக் கண்ட அவர், சீனப் பயணத்தைக் கைவிட்டு, 1870இல் ஸ்டெப்னியில் சிறுவர் இல்லம் ஒன்றை நிறுவினார். இடமில்லையென்று திருப்பியனுப்பப்பட்ட ஒரு சிறுவன், சில நாட்களுக்குள் பசியாலும் குளிராலும் மாண்டு கிடந்தான். அதன் பின்னர், ஆதரவற்ற எக்குழந்தைக்கும் இங்கு இடம் மறுக்கப்படாது என்னும் அறிவிப்பு அவ்வில்லத்தில் விளங்கலாயிற்று.

அங்கே சிறுவர்கள் எழுத்தோடு தச்சு, செருப்புத் தைத்தல் முதலிய தொழில்களையும் கற்றனர். சிறுமியர்க்கென 1876இல் பார்க்கிங்சைடில் ஒரு கிராமமே எழுந்தது. பெருங்கூடத்தில் மந்தைபோல் அடைக்காமல், சிறு சிறு வீடுகளில் குடியேற்றி, வீட்டுக்கு ஒரு 'தாயை' அமர்த்தினர். பிரார்த்தனையும், வீட்டு வேலையும், சலவையும் அவர்களது நாட்களை நிறைத்தன. பர்னார்டோ 1905இல் மறைந்தபோது அவருடைய இல்லங்களில் 8,000க்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். இத்தொண்டின் பெருமையை எவரே குறைத்துரைப்பர்?

எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1882 முதல் இவ்வில்லத்துச் சிறுவர்கள் கூட்டங் கூட்டமாகக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஆளுக்கொரு பெட்டி, அதனுள் உடுப்பும் வேதப் புத்தகமும். சென்ற இடத்தில் ஒப்பந்தப்படி பண்ணை வேலை. சிலரைக் குடியானவர்கள் தம் மக்கள்போல் வளர்த்தனர். சிலரோ அடியும் தனிமையும் கண்டனர். அநாதைகள் எனப்பட்டவருள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தனர். வறுமை ஒன்றே அவர்கள் செய்த குற்றம். தன் மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டதை எதிர்த்து ஓர் ஏழைத் தாய் தொடுத்த வழக்கு, 1892இல் பிரபுக்கள் சபை வரை சென்றது.

பர்னார்டோ இல்லம் மட்டுமன்று. வேறு பல சங்கங்களும் இவ்வாறே செய்தன. ஆகக் கனடா சென்ற பிரிட்டிஷ் குழந்தைகள் ஏறத்தாழ 1,00,000 பேர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் ஆயிரக்கணக்கானோர் அனுப்பப்பட்டனர். ஆஸ்திரேலியப் பிரதமர் 2009இலும், பிரிட்டிஷ் பிரதமர் 2010இலும் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். அதற்குள் அவர்களுட் பெரும்பாலோர் தம் அன்னையின் முகத்தை மீண்டும் காணாமலே மண்ணுள் மறைந்துவிட்டனர்.

நேயர்களே, வறிய தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து வளர்ப்பது எளிது. அத்தாயும் குழந்தையும் சேர்ந்து வாழ வழி செய்வது அரிது. அரியதை விடுத்து எளியதைச் செய்துவிட்டு அதற்கு அறம் எனப் பெயரிடுதல் தகாது. ஓர் இல்லத்தின் வாயில் உள்ளே வருவோர்க்குத் திறந்திருந்தால் மட்டும் போதாது. தன் குழந்தையைத் தேடி வரும் தாய்க்கும் அது திறந்திருத்தல் வேண்டும்.