லயத்துக் குழாய் முதல் வீட்டு மீட்டர் வரை: மலாக்காத் தமிழரின் குடிநீர் வரலாறு

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறை, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். அத்தமிழர் நாள்தோறும் குடத்தில் சுமந்த நீர் அந்த அளவு கவனத்தைப் பெறவில்லை. நீரை யார் கொடுத்தனர், அது யார் பெயரில் கணக்கிடப்பட்டது, குறை நேர்ந்தபோது யாரிடம் முறையிட இயன்றது என்னும் வினாக்களை மலாக்கா மாநிலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத்தில் தமிழர்க்கு நீர் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதன்மேல் அவர்களுக்கு உரிமைக்குரல் இல்லை. நகரில் அக்குரல் கிடைத்தது. அது கட்டணச் சீட்டோடு சேர்ந்து வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாற்றமே இங்குப் பொருளாகிறது.

மலாக்கா நீரால் பெயர் பெற்ற ஊர்கள் நிறைந்த மாநிலம். ஆயர் குரோ என்றால் கலங்கிய நீர். ஆயர் மோலேக் என்றால் அழகிய நீர். ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர். குளத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய ‘கோலாம்’ தமிழ்க் ‘குளம்’ என்பதிலிருந்து வந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள் இவ்வூர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லலாம். கடலோர நகரமாதலால் நல்ல நீர் அங்கு எளிதில் கிட்டும் பொருளாக இருக்கவில்லை. புக்கிட் சீனா குன்றின் அடிவாரத்தில் உள்ள அரசர் கிணறு 1459-இல் சுல்தான் மன்சூர் ஷா காலத்தில் தோண்டப்பட்டது என்பது மரபு. நகரை முற்றுகையிட்டோர் இக்கிணற்று நீரில் நஞ்சு கலந்தனர் என்றும், டச்சுக்காரர் 1677-இல் அதனைச் சுற்றி மதில் எழுப்பினர் என்றும் கூறுவர். நீரைக் காப்பவரே நகரைக் காப்பவர் என்னும் அரசியல் அன்றே இருந்தது. டச்சு ஆட்சிக் காலத்தில், 1781-இல், ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பிய மலாக்காச் செட்டிகளும், கம்போங் கிளிங் பகுதியின் தமிழ் முஸ்லிம்களும் இந்த நகரத்துக் கிணறுகளை நம்பி வாழ்ந்தவர்களே. அவர்களுடைய நீர் வரலாறு தோட்டத் தமிழரின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

தோட்டத்தின் நீர்

மலாயாவில் வணிக முறையிலான முதல் ரப்பர்ப் பயிர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவரால் நடப்பட்டது. அதனைத் தொடர்ந்து புக்கிட் ஆசகான் பகுதியில் பெருந்தோட்டம் உருவாயிற்று. ரப்பருக்கு முன் மலாக்காவின் உட்பகுதியில் மரவள்ளியே பரவியிருந்தது. மரவள்ளி ஆலைக்கு ஓடை இன்றியமையாதது. ரப்பர் ஆலைக்கும் அவ்வாறே: பாலில் நீர் கலந்து உறைய வைத்து, உருளையில் அழுத்திக் கழுவித்தான் தாளாக்க வேண்டும், நீரில் அழுக்கிருந்தால் தாளின் தரம் கெடும். ஆகவே தோட்டத்தில் தூய நீருக்கு முதல் உரிமை பெரும்பாலும் ஆலைக்கே இருந்தது. துரை பங்களாவும் கிராணிமார் வீடுகளும் அடுத்து வந்தன. லயத்துக்கு வந்தது எஞ்சியது. கிணறு, ஓடை, பின்னர்த் தொட்டி, அதிலிருந்து லயத்துக்கு ஒரு குழாய் என்ற வரிசையில் அது வளர்ந்தது.

ஓடை நீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காடு அழிக்கப்பட்டு வெயில் விழத் தொடங்கிய தெளிந்த மலையோடைகளில்தான் மலேரியாவைப் பரப்பும் ‘அனோபிலிஸ் மாகுலேட்டஸ்’ கொசு பெருகியது. சேற்று நீர்தான் நோய் தரும், தெளிந்த நீர் நன்று என்னும் பொது அறிவுக்கு இது மாறானது. சர் மால்கம் வாட்சன் முதலிய மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இதனைப் படிப்படியாகக் கண்டறிந்து, ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும் எண்ணெய் தெளிக்கவும் வகை செய்தனர். குடிக்க ஓடையை நாட வேண்டும், காய்ச்சலுக்கு அஞ்சி அதே ஓடையை மூடவும் வேண்டும். தோட்டத்தில் குழாய் நீர் பரவியதற்குக் கருணையை விட இக்கணக்கே பெரிய காரணம் என்பது என் கருத்து. நோயாளித் தொழிலாளி பால் வெட்ட மாட்டான் என்பதை எந்தத் துரையும் அறிவார்.

சட்டமும் இதனை ஒட்டியே வளர்ந்தது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாதலால் அங்கு நடைமுறைக்கு வந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். வீடு, நீர், துப்புரவு ஆகியவற்றை ஆய்வு செய்யும் பொறுப்பு தொழிலாளர் துறைக்கு இருந்தது. விடுதலைக்குப் பின் 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 1990-இல் இயற்றப்பட்ட 446-ஆம் சட்டம், குடியிருப்பு வழங்கும் முதலாளி குழாய் நீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும் என்கிறது. ‘இலவசம்’, ‘போதுமான’ என்னும் இரண்டு சொற்களில் முதற்சொல்லை அளப்பது எளிது. இரண்டாவதை யார் அளப்பது? அளக்கும் கருவியாகிய மீட்டர் லயத்து வீட்டில் இல்லை. பொதுக் குழாய் இணைப்புப் பெற்ற தோட்டங்களிலும் நீர் வாரியத்தின் வாடிக்கையாளர் தோட்ட நிருவாகமே. லயத்தில் வாழ்பவர் நீரைப் பயன்படுத்துபவர் மட்டுமே. ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. குழாயில் கலங்கல் வந்தால் அவர் கிராணியிடம் சொல்லலாம். அதற்கு மேலே சொன்னால், வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த நீரைச் சுமந்தோர் பெண்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னரே சமைத்து முடிக்க வேண்டியிருந்ததால் குழாயடியில் இருட்டிலேயே குடங்கள் வரிசை கட்டின. பால் நாற்றம் ஏறிய துணியைத் துவைக்க நீர் மிகுதியாக வேண்டும். பொதுக் குளிப்பிடத்தில் கைலியை மார்போடு கட்டிக்கொண்டு குளிக்கும் வழக்கம், மறைவிடம் கட்டித்தராத நிருவாகத்துக்கு பெண்கள் கண்ட விடை. குழாயடிச் சண்டை என்று நாம் நகைச்சுவையாகக் கூறுவது உண்மையில் பற்றாக்குறையின் பதிவு. எனினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சில தோட்டங்களில் சாதி பார்த்து லயங்கள் பிரிக்கப்பட்ட காலம் இருந்தது. ஒரே குழாயில் வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் அப்பிரிவை நிலைநிறுத்துவதை ஓரளவு கடினமாக்கியிருக்கும்.

துண்டாடலும் இடப்பெயர்வும்

1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார். நிலத்தைத் துண்டாடலாம், நீர்த்தொட்டியைத் துண்டாட முடியாது. ஒரு தொட்டி, ஒரு பம்பு, ஒரு குழாய்த்தொடர் என அமைந்த தோட்டம் பத்துப் பேர் கைக்குப் போனால் பம்பை யார் பழுது பார்ப்பது? துண்டாடலால் போன வேலையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. நின்றுபோன பம்பைப் பற்றிப் பேசப்பட்டது குறைவு.

பின்னர் செம்பனையும் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்தன. தோட்டத் தமிழர் மலாக்கா நகரின் புறப்பகுதிகளுக்கும் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் முதலிய ஊர்களின் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளே.

தாமான் வீட்டில் முதன்முறையாகக் குடும்பத் தலைவரின் பெயரில் தண்ணீர்ப் பில் வந்தது. அது செலவு, அதே வேளையில் ஒரு சான்றும் ஆகும். முகவரி உண்டு, பெயர் உண்டு, குறை சொல்ல ஓர் அலுவலகம் உண்டு. ஆனால் படிநிலைக் கட்டண முறை கூட்டுக் குடும்பத்தை அறியாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு மாதம் 20 கன மீட்டர் வரை ஒரு விகிதம், 35 வரை அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று. ஒருவர் நாளுக்கு 150 லிட்டர் பயன்படுத்துவதாகக் கொண்டால் நால்வர் கொண்ட வீட்டுக்கு 30 நாளில் 18 கன மீட்டர் ஆகும். அது முதற்படிக்குள் அடங்கும். மூன்று தலைமுறையினர் எண்மர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால் 36 கன மீட்டர். மூன்றாம் படியைத் தொட்டுவிடும். தலைக்குச் செலவான நீர் ஒன்றே. அதன் விலை ஒன்றல்ல. தோட்டத்திலிருந்து பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்த குடும்பங்களுக்கே இச்சுமை விழுந்தது. ஒரே பொது மீட்டர் உள்ள அடுக்குமாடிகளில் வேறொரு சிக்கல்: பணம் கட்டியவரும் கட்டாதவரின் நிலுவையால் நீரிழக்க நேரும்.

1991-ஆம் ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கல் அணை வற்றியது. நகரில் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீடு நடந்தது. லாரிகளுக்காக மக்கள் வாளியோடு காத்திருந்தனர். லயத்துக் குழாயடியை விட்டு வந்தோர்க்கு அவ்வரிசை பழகியதே. அந்த வறட்சி மாநிலத்தின் நீர் எவ்வளவு குறுகிய நிலப்பரப்பை நம்பியுள்ளது என்பதைக் காட்டிற்று. ஜோகூரின் மூவார் ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவருவதும், பின்னர் ஏறத்தாழ 4.5 கோடி கன மீட்டர் கொள்ளளவுள்ள ஜூஸ் அணையும் இந்நெருக்கடியை ஒட்டியவை. மலாக்கா ஆறோ தோட்ட நிலங்களின் வழியே நகரை அடைகிறது. செம்பனை ஆலைக் கழிவுக்கு 1977-லும் ரப்பர் ஆலைக் கழிவுக்கு 1978-லும் விதிகள் வந்தன. அதற்கு முன் ஆலை கழித்த நீர் ஓடையில்தான் கலந்தது. லயத்தார் அதன் அருகே வாழ்ந்தனர், நகரத்தார் அதன் கீழே வாழ்ந்தனர்.

2005-இல் அரசமைப்புத் திருத்தத்தால் நீர் விநியோகம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறியது. 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மலாக்கா நீர்க் கழகம் 2006-இல் நிறுவனமாயிற்று. பயனீட்டாளர் தேசிய ஆணையத்திடம் முறையிடலாம்; கட்டணம் செலுத்தாவிடில் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் உள்ளன.

2020-இன் தொடக்கத்தில் டுரியான் துங்கல் நீர்மட்டம் மீண்டும் தாழ்ந்து, மலாக்காவில் அட்டவணை முறையில் நீர் வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் முதல் 446-ஆம் சட்டத்தின் திருத்தம் தோட்டத்துக்கு அப்பாலுள்ள தொழில்களின் விடுதிகளையும் உள்ளடக்கியது. தமிழ்த் தொழிலாளியை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இலவசக் குழாய் நீர் விதியின் பயனை இன்று பெரும்பாலும் எதிர்பார்த்து நிற்போர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தோர். அவர்கள் பெயரிலும் மீட்டர் இல்லை.