ஓரத்தில் தொடங்கும் வரலாறு



சென்ற வாரம் ஒரு மாணவி தம்பிக்காகத் தைத்த தொட்டில் போர்வையைக் கொண்டு வந்தாள். அலை அலையாக வெட்டிய ஓரம் சுருங்கிக் கிடந்தது. "டீச்சர், பட்டிய நேராத்தான் வெட்டினன். வளைவுல நிக்குதில்ல" என்றாள்.

பிழை அங்கேதான். நூலோடும் திசையில் வெட்டிய பட்டி இழுபடாது. துணியைக் கோணலாக, 45 பாகையில் வெட்டினால் பட்டி இழுபட்டு வளைவோடு வளையும். வளைவைக் கோடாக வரைந்து, பட்டியைத் தைத்த பிறகுதான் போர்வையின் ஓரத்தை வெட்ட வேண்டும். வெளிவளைவில் பட்டியை இழுக்காமல் தளர்வாக விட வேண்டும். இரண்டு அலை சந்திக்கும் பள்ளத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு திருப்ப வேண்டும். எங்கள் மூத்தம்மாமார் பாகைமானி இல்லாமலே இதைச் செய்தார்கள்.

நாம் ஓரத்தைக் கடைசியில் கட்டுகிறோம். ஓரத்திலேயே தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் வாழும் சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் கவந்தி. பழைய சீலையை விரித்து, மூலையில் தொடங்கி, கிழிந்த உடுப்புத் துண்டுகளை ஓரமாக மடித்து வைத்துச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைப்பார்கள். நடுவில் வந்து முடியும். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகள் இருக்கும். அதற்குப் பெயர் பூலா, அதாவது பூ. அது இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையில்லை. முஸ்லிம் வீட்டுப் போர்வையில் பிறையும் கிறிஸ்தவ வீட்டுப் போர்வையில் சிலுவையும் வரும்.

இவர்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். முன்னோர் பலரைப் போர்த்துக்கீசர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். தப்பியோடியவர்கள் காட்டுக்குள் குடியேறினார்கள்.

இதில் நமக்கு என்ன? அதே போர்த்துக்கீசர்தான் 1624இல் கோணேசர் கோயில் கற்களைக் கொண்டு நம் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் தன் படைக்காகக் கோவாவில் ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார். அப்படி இத்தீவுக்கு வந்தவர்களின் சந்ததிகள் புத்தளத்திலும் நம் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். காப்பிரி என்று அவர்களை அழைக்கிறோமே, அந்தச் சொல் அரபியின் காஃபிரில் இருந்து வந்தது. அரபு வணிகர்கள் வைத்த பெயரைப் போர்த்துக்கீசர் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாணிபத்தில் முஸ்லிம் வணிகர்களுக்கும் பங்கிருந்தது. இதை மறைத்துவிட்டு பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்க எங்களுக்கு மனமில்லை.

கோட்டைச் சரித்திரத்தில் தளபதிகளின் பெயர்கள் இருக்கின்றன. விலைக்கு வாங்கப்பட்டவர்களின் பெயர்கள் இல்லை. ஆனால் வடகன்னடத்துப் பெண்கள் கந்தல் துணியில் தங்கள் குடும்பத்தையே தைத்து வைத்திருக்கிறார்கள். யாருடைய சட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று வீட்டார் காட்டுவார்கள்.

நம்மிடமும் அப்படி இருந்தது. வாப்பாவின் பழைய சாரமும் உம்மாவின் சீலையும் சேர்ந்ததுதான் எங்கள் தொட்டில் போர்வை. 2004 கடல் சிலதைக் கொண்டு போனது. 2006இல் மூதூரை விட்டு நடந்தபோது சிலதை விட்டு வந்தோம். மிச்சத்தை கடையில் புதுப் போர்வை வாங்கியதும் நாமே நிலம் துடைக்கப் போட்டோம்.

வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் எறிந்து விடாதீர்கள். மூத்தம்மாவிடம் கொடுத்து, எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஓரத்தை எப்படிக் கட்டினார் என்பதையும் கேளுங்கள்.

அந்த மாணவி ஓரத்தைப் பிரித்துவிட்டாள். கோணல் பட்டி வெட்ட அவளுடைய உம்மாவின் பழைய சீலை ஒன்று கிடைத்திருக்கிறது.